ஸ்கேன் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் ஏன் இன்னும் பதறுகிறது?

ஈரமணல்:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு முன் சாலை விபத்து ஒன்றில் மாட்டினேன், பின்னாலிருந்து வந்த வண்டி மோதிவிட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை. தோள்பட்டை எலும்பில் சின்ன விரிசல், கழுத்தில் பிடிப்பு, சில தையல்கள், அவ்வளவுதான். எல்லாம் ஆறிவிட்டது என்று எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, ஈசிஜி, எக்கோ எல்லாமே சொல்லிவிட்டன. ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பிரேக் பிடிக்கும் சத்தம், அது டிவியில் வந்தால்கூட, தூக்கிவாரிப் போடுகிறது. உள்ளங்கை வேர்த்து, நா வறண்டு, அடிவயிறு கலங்கி, பத்து நிமிடத்துக்கு வேறு எதுவும் ஓடுவதில்லை. கழுத்து வலியும் போன பாடில்லை. வேலை நெருக்கடி உள்ள நாளில் கூடுகிறது, விடுமுறையில் குறைகிறது.

மருத்துவரிடம் சொன்னால் "எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்கிறார். வீட்டில் "மனசுதான் காரணம்" என்கிறார்கள். உறவினர் ஒருவர் அனுப்பிய வீடியோவில் அதிர்ச்சி எல்லாம் இடுப்புத் தசையில் போய்ச் சேமிக்கப்பட்டிருக்கும், அதை "விடுவிக்க" வேண்டும் என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். எதை நம்புவது? எனக்கு ஆறுதல் வேண்டாம், உள்ளே என்னதான் நடக்கிறது என்று யாராவது விளக்கினால் போதும்.

பழைய_வாத்தியார்:

உடலியல் பாடம் எடுத்தவன் என்ற முறையில் முதல் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். வலியைப் பற்றி நம் உறுப்பினர் தண்டுவடம் வந்து சொல்வார்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில், எக்ஸ்ரே கண்டுபிடித்த புதிதில், வால்ட்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர் பூனைகளுக்கு எக்ஸ்ரேயில் தெரியும் உணவைக் கொடுத்து, இரைப்பை எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தொல்லை வந்தது. பூனை மிரண்டால் இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுவிடும். அமைதியானதும் மறுபடி தொடங்கும். வேறு யாராவது இருந்தால் மிரளாத பூனையாகத் தேடியிருப்பார். கேனன் அந்தத் தொல்லையையே ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். அதிலிருந்துதான் 1915 வாக்கில் "சண்டையிடு அல்லது ஓடு" என்று இன்று எல்லோரும் சொல்லும் கருத்து வந்தது. உங்கள் அடிவயிறு கலங்குவதும் அந்தப் பூனையின் இரைப்பை நின்றதும் ஒரே வேலைதான். ஆபத்து நேரத்தில் செரிமானம் ஒத்திப்போடக்கூடிய காரியம், அதனால் ரத்தம் குடலிலிருந்து பெரிய தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. உமிழ்நீர் குறைகிறது, நா வறள்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது.

வரிசை இப்படி. சட்டென்று ஒரு பெரிய சத்தம் கேட்டால் கண் சிமிட்டுவதும் தோள் குறுகுவதும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தொடங்கிவிடும், அது மூளைத்தண்டின் வேலை. அமிக்டலா என்ற பகுதி "இது ஆபத்தோ" என்று கொடி காட்டியதும் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் வழியாக, நம் விருப்பம் கேட்காமல் இயங்கும் பரிவு நரம்புகள் முடுக்கப்பட்டு, சில நொடிகளில் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் இறங்குகிறது. இதயம் வேகமெடுக்கிறது, கண்மணி விரிகிறது, சர்க்கரை ஏறுகிறது. இன்னொரு பாதை மெதுவானது: ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பி, அங்கிருந்து அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி, கடைசியில் கார்டிசால் என்ற ஹார்மோன். இது உச்சத்தைத் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதாவது "அது டிவி சத்தம்தான்" என்று உங்களுக்குப் புரிந்து வெகுநேரம் ஆன பிறகும் உடம்பில் ரசாயனம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பத்து நிமிடம் வேறு எதுவும் ஓடவில்லை என்றீர்களே, அது உங்கள் மன உறுதியின் குறை கிடையாது. சுரந்தது கரைய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

பிரேக் சத்தம் மட்டும் ஏன்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. மோதலுக்கு ஒரு கணம் முன்னால் வந்த சத்தம் அது. மூளைக்கு அந்த ஒரு முறை போதும்.

கேள்விக்குறி:

வாத்தியார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் முடிவில் "மனசுதான்" என்ற இடத்துக்கே வந்து நிற்கிறது, இல்லையா? அமிக்டலா என்று பெயர் வைத்தால் மட்டும் மாறிவிடுமா? விபத்து முடிந்துவிட்டது என்று ஈரமணலுக்குத் தெரியும். தெரிந்தும் பயப்படுகிறார் என்றால் மனதைக் கட்டுப்படுத்தப் பழக வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தாத்தா தலைமுறை இதைவிடப் பெரிய அடியெல்லாம் பார்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள். (சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.)

பழைய_வாத்தியார்:

கேள்விக்குறி, உங்கள் கண்மணியை இப்போது நினைத்த மாத்திரத்தில் விரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். இரைப்பையை நிறுத்துங்கள். முடியாது. "தெரியும்" என்பது மூளையின் ஒரு பகுதி வைத்திருக்கும் தகவல், பதறுவது வேறொரு பகுதி கற்றுக்கொண்ட பழக்கம். இரண்டும் தனித்தனி என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. எடுவார் கிளாப்பரேட் என்ற சுவிஸ் மருத்துவர் 1911இல் எழுதியது. அவருடைய நோயாளி ஒரு பெண்; புதிய நினைவு எதுவும் நிற்காது, தினமும் பார்க்கும் மருத்துவரையே ஒவ்வொரு நாளும் புது ஆளாகத்தான் பார்ப்பார். ஒருநாள் இவர் விரலிடுக்கில் ஓர் ஊசியை ஒளித்துக்கொண்டு கைகுலுக்கினார். (இன்றைக்கு இந்த வேலைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.) பிறகு கை நீட்டியபோது அந்தப் பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊசி குத்திய சம்பவமே நினைவில் இல்லை, ஆனால் கை விலகுகிறது.

தாத்தா தலைமுறை வேலைக்குப் போனார்கள் என்பது உண்மை. இரவில் அலறி எழுந்ததையும், காரணமில்லாமல் கை ஓங்கியதையும், குடித்ததையும் யாரும் குறித்து வைக்கவில்லை. பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற பெயரே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980இல்தான் ஏறியது. பெயர் வருவதற்கு முன்பும் மனிதர்கள் இருந்தார்கள்.

தண்டுவடம்:

வந்துவிட்டேன். பிசியோதெரபி என் தொழில், கழுத்து வலிதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி முழக்குவேன்.

வலி என்றால் எங்கோ சேதம், சேதம் எவ்வளவோ வலி அவ்வளவு, என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது பாதி உண்மைகூட இல்லை. 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சின்னக் குறிப்பு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலேயிருந்து குதித்தபோது 15 செ.மீ. ஆணி அவருடைய பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலே துடிக்கிறார். ஃபென்டனில் என்ற வலுவான வலிமருந்து கொடுத்து மயக்கி, ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றினால் பாதத்தில் ஒரு கீறல் இல்லை. ஆணி விரல்களுக்கு நடுவே போயிருந்தது. அவர் நடித்தாரா? கிடையாது. கண் பார்த்தது, மூளை கணக்குப் போட்டது, வலி வந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1944இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரைப் போரில் ஹென்றி பீச்சர் என்ற மயக்கவியல் மருத்துவர் படுகாயமடைந்த சிப்பாய்களிடம் வலிமருந்து வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். சுமார் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். காயம் பெரிது, ஆனால் அவர்களுக்கு அது போர்முனையிலிருந்து உயிரோடு தப்பியதன் அடையாளம். சண்டை நடக்கும்போது மூளை தண்டுவடத்துக்குக் கீழ்நோக்கிச் செய்தி அனுப்பி வலி மேலே வராமல் தடுக்கும், அதற்கென்றே உடம்புக்குள் ஓபியம் போன்ற ரசாயனங்கள் இருக்கின்றன. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வலியே தெரிந்தது என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

வலியை மேலே விடுவதா தடுப்பதா என்று பார்க்கும் ஒரு கதவு தண்டுவடத்திலேயே இருக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் சொன்னார்கள். முட்டி இடித்தால் உடனே தேய்த்துவிடுகிறோமே, தொடு உணர்வு போகும் தடித்த நரம்பிழைகள் வலிச் செய்தியை அங்கேயே கொஞ்சம் அமுக்குகின்றன. அந்த மாதிரியின் விவரங்கள் பிறகு மாறிவிட்டன, அடிப்படை நிற்கிறது.

இப்போது உங்கள் கழுத்துக்கு வருகிறேன். தசையும் தசைநாரும் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆறிவிடும். அதைத் தாண்டியும் வலி நின்றால் அதற்கு இன்னொரு காரணம் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்: வலியைக் கடத்தும் நரம்புகளே கூர்மையாகிவிடுவது. 1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதைத் தண்டுவடத்தில் காட்டினார். முன்பு வலிக்காத அளவு அழுத்தம் இப்போது வலிக்கும், வலித்தது இன்னும் அதிகமாக வலிக்கும், இடமும் பரவும். தூக்கம் கெட்டால், பதற்றம் கூடினால், இது இன்னும் கூர்மையாகும். வேலை நெருக்கடியில் கூடி விடுமுறையில் குறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எலும்பு விரிசலுக்கு விடுமுறை எப்போது என்று தெரியாது.

கேள்விக்குறி:

ஆணிக் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு ஆள். அதை வைத்து எல்லோருடைய வலியையும் மூளைக் கணக்கு என்று சொல்ல முடியாது. என் மைத்துனருக்கு எம்ஆர்ஐயில் டிஸ்க் வீங்கியிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. அதுவும் கற்பனையா?

தண்டுவடம்:

கற்பனை என்ற வார்த்தையை நான் எங்கேயும் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்கிறீர்கள் :)

நல்ல கேள்விதான். வலியே இல்லாத ஆட்களைக் கூப்பிட்டுக் கழுத்தை எம்ஆர்ஐ எடுத்தால் என்ன தெரியும்? 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 1,211 பேரை எடுத்துப் பார்த்தார்கள், எல்லோரும் கழுத்தில் தொந்தரவே இல்லாதவர்கள். சுமார் 88 சதவீதம் பேருக்கு டிஸ்க் வீக்கம் இருந்தது. கீழ்முதுகிலும் அதே கதைதான். வலியில்லாதவர்களிலேயே 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது. தலை நரைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மைத்துனரின் டிஸ்க் உண்மையிலேயே நரம்பை அழுத்தி, வலி காலில் ஒரே கோடாக இறங்கி, கால் மரத்துப்போனால் அது வேறு விஷயம், அதை மருத்துவர் சோதித்துச் சொல்வார். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து "இதோ காரணம்" என்று சொல்வதில்தான் சிக்கல்.

அப்புறம், உலக அளவில் வலி ஆய்வாளர்கள் வைத்திருக்கும் சங்கம் வலிக்கான வரையறையை 2020இல் திருத்தியது. உடல் சேதத்தோடு வருவது மட்டுமல்ல, அதை ஒத்த அனுபவமும் வலிதான் என்று அதில் இருக்கிறது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். ஈரமணலின் மருத்துவர் அதைப் படித்தால் தேவலை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கையில் பலம் குறைவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தால்கூட விடாத இரவு வலி, இதில் எது வந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

ஈரமணல்:

நீங்கள் சொன்ன எதுவும் இல்லை, எல்லாம் பார்த்துவிட்டார்கள். ரொம்ப நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும், சொல்லவே கூச்சமாக இருந்தது. சில இரவுகளில் திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, மூச்சு போதவில்லை என்று தோன்றுகிறது, இழுத்து இழுத்து மூச்சு விடுகிறேன், அப்புறம் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல ஆகிவிடுகிறது. ஒருமுறை விரல்கள் மடங்கி விறைத்துக்கொண்டன. பக்கவாதம் என்றே முடிவு செய்துவிட்டேன். இரண்டு முறை அவசர சிகிச்சைப் பிரிவு வரை போய், "ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள்.

இரவுப்பணி:

அவசர சிகிச்சையில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் சொல்வது போல வாரத்தில் பலர் வருகிறார்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மூச்சு போதவில்லை என்று தோன்றும்போது உண்மையில் நீங்கள் தேவைக்கு அதிகமாகத்தான் மூச்சு விடுகிறீர்கள். ஆக்சிஜன் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. விரலில் கருவி மாட்டினால் 98, 99 என்று காட்டும். நடப்பது என்னவென்றால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, ரத்தத்தில் தனியாக மிதக்கும் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குறைகிறது, நரம்புகள் தானாகவே துடிக்கத் தொடங்குகின்றன. விரல் நுனி, உதட்டுக் குறுகுறுப்பு, விரல் மடங்குவது எல்லாம் அதுதான். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் சுருங்கும், அதனால்தான் தலை சுற்றி, சுற்றி இருப்பதெல்லாம் நிஜமில்லாதது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பயம், பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு. அந்த வட்டம் அப்படியே சுழலும்.

காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லி யாராவது சொன்னால் செய்யாதீர்கள். மாரடைப்போ நுரையீரலில் ரத்தக்கட்டியோ இருந்து அதைப் பதற்றம் என்று நினைத்துப் பையைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. மெதுவாக விடுங்கள், அவ்வளவுதான். மூச்சை இழுக்கும்போது இதயம் லேசாக வேகமெடுக்கும், விடும்போது மூளையிலிருந்து இதயம், வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு அதைக் குறைக்கும். அதனால் வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவாகப் போனால் பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. "ஆழமாக மூச்சு இழு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவார்கள், அதுதான் மோசமான யோசனை, ஏற்கெனவே அதிகமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

புதிதாக நெஞ்சுவலி வந்தால், அது கைக்கோ தாடைக்கோ பரவினால், நடக்கும்போது வந்து, நடையை நிறுத்தியதும் விட்டுவிட்டால், மயக்கம் வந்தால், "இது பழைய பதற்றம்தான்" என்று வீட்டில் உட்கார வேண்டாம். பத்து முறை சும்மா வந்து போங்கள், நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம் (நினைத்தாலும் கவலைப்படாதீர்கள்). "மனசுதானே" என்பவர்களுக்கு ஒன்று: கடும் துக்கச் செய்தி கேட்டு இதயத் தசையே தற்காலிகமாக உப்பி, பலம் இழந்து நிற்கும் ஒரு நிலை உண்டு, தகோட்சுபோ என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் பெயர் வைத்தார்கள். ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு என்றே காட்டும், ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது.

சின்னத்தும்பி:

இத்தனை நாள் வாசிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். எல்லோரும் சண்டை, ஓட்டம் என்றே சொல்கிறீர்கள். எனக்கு நடந்த ஒரு விஷயத்தில் நான் சண்டையும் போடவில்லை, ஓடவும் இல்லை. கத்தக்கூட இல்லை. வாய் வரை வந்தது, சத்தம் வரவில்லை. என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. "ஏன் கத்தவில்லை" என்று பிறகு கேட்டவர்கள்தான் நடந்ததைவிட அதிகமாகக் காயப்படுத்தினார்கள். இது என்ன பதில்வினை? எனக்கு மட்டும்தானா?

பழைய_வாத்தியார்:

உங்களுக்கு மட்டும் இல்லை அம்மா. எழுதியதற்கு நன்றி, மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவையில்லை.

இது விலங்குகளில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த ஒன்று. தப்ப வழியே இல்லை, பிடிபட்டாகிவிட்டது என்ற நிலையில் உடம்பு விறைத்து அசைவற்றுப் போகும், குரல் எழும்பாது, சில நேரம் வலியும் மங்கிவிடும். நினைவு இருக்கும், கண் பார்த்துக்கொண்டிருக்கும், கை கால் கேட்காது. நடுமூளையிலிருந்து கிளம்பும் அனிச்சைச் செயல் இது. சம்மதம் கேட்டு வருவதில்லை. 2017இல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், பாலியல் வன்முறைக்கு ஆளாகிச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் செய்த ஆய்வு வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேருக்கு இந்த விறைப்பு குறிப்பிடத்தக்க அளவிலும், 48 சதவீதம் பேருக்கு மிகத் தீவிரமாகவும் இருந்தது. அப்படி விறைத்துப்போனவர்களுக்குப் பிறகு பிடிஎஸ்டியும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. ஏன் கத்தவில்லை என்று கேட்கிறவர்களுக்கு அந்த எண்களைக் காட்டலாம். காட்டியும் கேட்டால் அவர்களிடம் பேசுவதை நிறுத்திவிடலாம்.

கேள்விக்குறி:

சின்னத்தும்பி, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. இனி அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் குறுக்கே பேசுவேன்.

மற்றபடி அந்த இடுப்புத் தசை வீடியோவைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. நானும் அதைப் பார்த்தேன். "அதிர்ச்சி திசுக்களில் சேமிக்கப்படுகிறது", "வேகஸ் நரம்பை ரீசெட் செய்யுங்கள்", கடைசியில் ஒரு கட்டண வகுப்பு. இதையும் அறிவியல் என்று ஏற்கச் சொல்வீர்களா?

தண்டுவடம்:

இதில் கேள்விக்குறியோடு கைகோத்துக்கொள்கிறேன், தேதியைக் குறித்து வையுங்கள்.

தசைக்குள் சம்பவம் எதுவும் பதிவாவதில்லை. இடுப்புத் தசையைப் பிசைந்தால் பழைய விபத்து வெளியே வராது. பயந்த மனிதன் தோளைத் தூக்கி, வயிற்றை இறுக்கி, மூச்சை மேலோட்டமாக வைத்திருப்பான் என்பது உண்மை. அதை மாதக்கணக்கில் செய்தால் அந்தத் தசைகள் வலிக்கும் என்பதும் உண்மை. ஆனால் இறுகச் சொல்லும் கட்டளை நரம்பு மண்டலத்திலிருந்து வருகிறது. மசாஜ், யோகா, நடனம் எல்லாம் நன்றாக இருக்கும், செய்யுங்கள். அழுகைகூட வரலாம், பாதுகாப்பாக உணரும்போது அழுகை வருவது இயல்புதான். அதற்காக "சேமித்தது வெளியேறிவிட்டது" என்று யாராவது பில் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேகஸ் பற்றி வாத்தியார் சொல்லட்டும்.

பழைய_வாத்தியார்:

வேகஸ் நரம்புக்கு வந்திருக்கும் புகழைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, நாங்கள் படித்த காலத்தில் அதை யாரும் சீண்ட மாட்டார்கள். ஸ்டீபன் போர்ஜஸ் என்ற உளவியலாளர் 1994இல் பாலிவேகல் என்ற கோட்பாட்டை முன்வைத்தார். வேகஸுக்கு இரண்டு கிளை, பழையது உறையவைக்கும், புதியது மற்றவர்களோடு பழகவைக்கும், ஏணி போல இவற்றுக்கிடையே ஏறி இறங்குகிறோம் என்பது அதன் சாரம். மனநல ஆலோசகர்கள் பலருக்கு அது பிடித்திருக்கிறது, வருகிறவர்களுக்கு விளக்க வசதியாக இருக்கிறது. ஆனால் அதன் உடற்கூறியல், பரிணாம அடிப்படைகளை உடலியல் ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. உறைந்து போவது உண்மை, அதற்கு அந்தப் பழைய கிளைதான் காரணம் என்பது நிரூபிக்கப்படாதது. படமாக வைத்துக்கொள்ளுங்கள், உடற்கூறியலாக வேண்டாம். "ரீசெட்" செய்ய அதில் பொத்தான் எதுவும் இல்லை.

ஈரமணல்:

சரி, புரிகிறது. அப்படியானால் என்ன செய்தால் குறையும்? நடந்ததை யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். விபத்து நடந்த வாரமே ஒரு தோழி என்னை உட்காரவைத்து ஒவ்வொரு நொடியாகச் சொல்லவைத்தாள். அன்று இரவு தூங்கவே இல்லை.

இரவுப்பணி:

தோழி நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் சாலை விபத்தில் அடிபட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையிலேயே ஒரு முறை உட்காரவைத்து நடந்ததை விவரமாகப் பேசவைத்தார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து 2000இல் வந்த முடிவு: தொடக்கத்தில் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தவர்களில், பேசவைக்கப்பட்டவர்கள் தேறாமலே இருந்தார்கள், பேசவைக்கப்படாதவர்கள் தேறியிருந்தார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனமும் உடனடியாகக் கட்டாயப்படுத்திப் பேசவைப்பதைப் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் இருப்பது, தண்ணீர் கொடுப்பது, வீட்டுக்குப் போக வழி செய்வது, அவரே பேசினால் கேட்பது, இதுதான் முதல் நாட்களின் வேலை. முதல் மாதத்தில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் பென்சோடயசபைன் வகை மாத்திரையும் வேண்டாம் என்கிறார்கள். ஏற்கெனவே அதைச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பயமுறுத்தவில்லை, கணக்கையும் சொல்கிறேன். உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு கொடிய சம்பவத்தையாவது சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் பிடிஎஸ்டி வருகிறது என்று அதே நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானோர் தாமாகவே தேறுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் சிகிச்சை தேவை. ஈரமணல், நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய_வாத்தியார்:

சிகிச்சை என்றால் என்ன என்பதையும் சேர்த்துவிடுகிறேன். அதிர்ச்சிக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இஎம்டிஆர் என்ற கண்ணசைவுச் சிகிச்சை, இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. (கண்ணை அசைப்பதால்தான் குணமாகிறதா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.) இரண்டிலும் பொதுவாக இருப்பது, பயப்படும் நினைவையும் சத்தத்தையும் பயிற்சி பெற்றவர் துணையோடு, தாங்கக்கூடிய அளவில், திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் சந்திப்பது. தோழி செய்ததும் இதுவும் ஒன்றல்ல. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டவைத்துவிட்டு எழுந்துபோவது வேறு.

இதில் ஒரு சங்கடம் உண்டு, முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பழைய பயம் அழிவதில்லை. "இந்தச் சத்தம் வந்தும் ஒன்றும் ஆகவில்லை" என்று புதிதாக ஒரு பாடம் அதன் மேல் ஏறுகிறது. பாவ்லோவே தன் நாய்களிடம் பார்த்தார், அணைந்துபோன பழக்கம் இடைவெளி விட்டுப் பார்த்தால் தானாகத் திரும்பி வரும். ஆகவே நன்றாக இருந்த நாட்களுக்குப் பிறகு திடீரென்று ஒருநாள் பழையபடி பதறினால் எல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள், பயிற்சியை மறுபடி தொடருங்கள்.

தண்டுவடம்:

வலிக்கும் இதே தர்க்கம்தான். 2022இல் ஓர் ஆய்வு, நாள்பட்ட முதுகுவலி உள்ள 151 பேர். வலி வந்தாலும் அது சேதம் இல்லை, மூளையின் தவறான எச்சரிக்கை என்று புரியவைத்து, பயந்து தவிர்த்த அசைவுகளைச் செய்யவைக்கும் சிகிச்சை ஒரு குழுவுக்கு. நான்கு வாரத்தில் அவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி முற்றிலுமோ ஏறத்தாழவோ போய்விட்டது. போலி ஊசி போட்டவர்களில் 20, வழக்கமான சிகிச்சையில் 10 சதவீதம். சின்ன ஆய்வு, தண்டுவட நோய் இல்லாதவர்களாகத் தேர்ந்தெடுத்த ஆட்கள், அதனால் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஆனால் கழுத்துக்குப் பட்டை கட்டிக்கொண்டு அசையாமல் வைத்திருப்பது உதவாது என்பதை என் அனுபவத்திலும் சொல்வேன்.

கேள்விக்குறி:

போலி ஊசிக்கே 20 சதவீதமா! அப்படியென்றால் அதுவும் நம்பிக்கைதானே?

தண்டுவடம்:

நம்பிக்கைதான், அதுவும் ரசாயனமாகத்தான் இறங்குகிறது. 1978இல் பல் பிடுங்கியவர்களிடம் செய்த ஆய்வில், போலி மருந்தால் வலி குறைந்தவர்களுக்கு நாலாக்சோன் கொடுத்தார்கள், ஓபியம் வகைகளைத் தடுக்கும் மருந்து. வலி திரும்ப ஏறியது. "மனசுதான்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள், நான் மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்விக்குறி:

பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை வைத்துக்கொள்ள அனுமதி உண்டுதானே.

ஈரமணல்:

சிகிச்சையாளர் ஒருவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். அதுவரை நானாகச் செய்யக்கூடியது ஏதாவது? வண்டியில் ஏறுவதையே தவிர்த்துக்கொண்டிருக்கிறேன், ஏறினாலும் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இரவுப்பணி:

கண்ணை மூடுவதுதான் முதலில் போக வேண்டும், ஆனால் அவசரம் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும் வண்டியில், என்ஜின் ஓடாமல், நம்பிக்கையான ஆள் பக்கத்தில் இருக்க, கண் திறந்து உட்காருங்கள். படபடப்பு ஏறும், அங்கேயே இருங்கள், அது தானாக இறங்கத் தொடங்கிய பிறகு இறங்குங்கள். உச்சத்தில் இறங்கி ஓடினால் "தப்பித்ததால்தான் பிழைத்தோம்" என்று மூளை எழுதிக்கொள்ளும். அது சலிப்பு தட்டும் அளவுக்குப் பழகிய பிறகு ஆள் நடமாட்டமில்லாத தெருவில் மெதுவாக ஒரு சுற்று. பிரேக் சத்தத்தைக் குறைந்த ஒலியில் போட்டுக் கேட்பதெல்லாம் சிகிச்சையாளரோடு சேர்ந்து செய்யுங்கள், தனியாக வேண்டாம். நடுவில் எங்கேயாவது கைமீறிப் போகிறது, தூக்கம் முற்றிலும் போய்விட்டது, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அந்த நேரம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஈரமணல்:

முன் இருக்கையா, பின் இருக்கையா?

இரவுப்பணி:

உங்களுக்கு எது கொஞ்சம் குறைவாகப் பயமாக இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். ஓட்டுநர் இருக்கை கடைசியில். சாவி உங்களிடம் இருக்கட்டும்.